ஏழாம் அத்தியாயம்: சிரட்டையும் வெள்ளீயமும் – பழைய காலத்து மேடை உடைக்குப் பொத்தான் செய்வது

பத்துமலையின் கதையையோ தோட்டத்து வாழ்க்கையையோ மேடையேற்றும் குழுக்கள் வேட்டி, தலைப்பாகை, கோட்டு என்று துணிக்குத் தாராளமாகச் செலவழிப்பார்கள். கடைசி வாரத்தில்தான் பொத்தான் ஞாபகம் வரும். யாராவது ஓடிப்போய் ஒரு பாக்கெட் வெள்ளைப் பிளாஸ்டிக் பொத்தான் வாங்கி வந்து வரிசையாகத் தைத்துவிடுவார்கள். நான்கு துளை, சுற்றிலும் வரப்பு, கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. இந்தப் பாலியெஸ்டர் பொத்தான் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவியது. 1891-இல் தம்புசாமி பிள்ளை குகையில் முருகனை நிறுவும் காட்சியில் அது அவருடைய மார்பில் மின்னினால், முன்வரிசையில் இருப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். கைப்பேசியில் எடுத்த படத்தில் இன்னும் நன்றாகத் தெரியும்.

இந்த அத்தியாயத்தில் மூன்று வகைப் பொத்தான்களை வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொள்ளலாம்: சிரட்டை, துணி, வெள்ளீயம். அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

பொத்தான் வேண்டுமா?

பல பாத்திரங்களுக்கு வேண்டாம். 1890-களில் காடு வெட்ட வந்த தொழிலாளிக்கு இடுப்பில் வேட்டி, தலையில் துண்டு. சட்டையே இல்லாதபோது பொத்தானுக்கு இடம் ஏது? பெண்களின் ரவிக்கை முன்பக்கம் முடிச்சுப் போட்டுக் கட்டுவதாக இருக்கலாம். அதற்குத் துணியின் இரண்டு முனைகளை நீளமாக விட்டுத் தைத்தால் போதும். சயாம் மரண ரயில் காட்சிகளில் சாக்கு கட்டி வருபவருக்குக் கயிறு இருந்தால் போதும். ஊக்கு 1849-இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் தோட்டத்துப் பெண் பாத்திரத்தின் தாலிக்கயிற்றில் இரண்டு ஊக்கு தொங்கினால் உறுத்தாது. பிளாஸ்டிக் தலை வைத்த ஊக்காக மட்டும் இருக்கக்கூடாது.

பாத்திரப் பட்டியலை எடுத்து, பொத்தான் வேண்டாதவர்களை முதலில் அடித்துவிடுங்கள். வேலை பாதியாகக் குறையும்.

யாருக்கு எந்தப் பொத்தான்

1878-இல் பத்துமலைக் குகைகளை வெளியுலகுக்கு எழுதிக் காட்டிய அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹார்னடே உங்கள் நாடகத்தில் வருகிறாரா? வேட்டைக் கோட்டுக்குப் பழுப்புப் பொத்தான் கொடுங்கள். அந்தக் காலத்தில் அது மாட்டுக்கொம்பிலோ தென் அமெரிக்கப் பனைக்கொட்டையிலோ செய்ததாக இருக்கும். இரண்டுக்கும் மேடையில் சிரட்டைதான் நல்ல மாற்று. அவரோடு போன சிலாங்கூர் போலீஸ் அதிகாரி சையர்ஸுக்குப் பித்தளை. சீருடைப் பொத்தானில் இருக்கும் முத்திரையை நீங்களாகக் கற்பனை செய்யாதீர்கள். வெறும் குவிந்த பித்தளைப் பொத்தானே போதும். இன்றைய போலீஸ், ராணுவப் பொத்தான்களை வாங்கித் தைப்பதும் கூடாது. காலமும் தவறு, வீண் சிக்கலும் வரும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பை வைத்து எழுதிய நாடகங்களில் யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டரும் கிராணியும் கட்டாயம் வருவார்கள். கழுத்துவரை மூடும் வெள்ளைக் கோட்டு, அதாவது குளோஸ் கோட்டு, இங்கே தூத்துப் கோட்டு, அவர்களுடைய அடையாளம். இதன் பொத்தான்கள் கழற்றி மாட்டும் வகை. டோபி கல்லில் அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டு, பெட்டி தேய்க்கும் துணியில் பொத்தான் இருந்தால் துணியும் போகும், பொத்தானும் போகும். அதனால் வெளுக்கப் போடுமுன் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிடுவார்கள். இதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதானால் அதைச் செய்யுங்கள்.

கங்காணிக்கும் கடைக்கார முதலாளிக்கும் வெள்ளி நிறப் பொத்தான் எடுப்பாக இருக்கும். வெள்ளியில் செய்ய முடியாது, வெள்ளீயத்தில் முடியும். ஜிப்பாவுக்குச் சங்கிலி கோத்த பொத்தான் வேண்டுமென்றால், பாஜு மலாயு சட்டைக்கு விற்கும் பொத்தான் செட்டில் கல் பதிக்காத சாதாரண வகையாகப் பார்த்து வாங்கி, மெல்லிய சங்கிலியால் இணைத்துக்கொள்ளுங்கள். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் கடைகளில் நோன்புப் பெருநாளுக்கு முன்பு நிறையக் கிடைக்கும்.

யாப் ஆ லோய் போன்ற சீனப் பாத்திரங்களுக்குத் துணிமுடிச்சுப் பொத்தான். இதைச் செய்யக் கற்றுக்கொள்ளும் நேரத்தில் மற்ற எல்லாப் பொத்தானையும் முடித்துவிடலாம். பெட்டாலிங் ஸ்திரீட்டில் ஆயத்தமாக வாங்குங்கள்.

1930-களின் சட்டைகளுக்குச் சிப்பிப் பொத்தான். 1943-இல் தொடங்கிய ஜான்சி ராணிப் படையின் காக்கி உடைக்கு மங்கலான பழுப்பு. மினுக்கம் எதுவும் வேண்டாம். ஜப்பானியர் காலத்தில் துணிக்கே தட்டுப்பாடு. அந்தக் காலத்து ஏழைச் சட்டையில் ஒன்றுக்கொன்று சேராத பொத்தான்கள் இருப்பது பிழை ஆகாது. இயக்குநர் கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள்.

குறிப்பு: சந்தேகம் வந்தால் புகைப்படத்தைப் பாருங்கள். டத்தாரான் மெர்டேக்கா அருகே உள்ள தேசிய ஜவுளி அருங்காட்சியகத்தில் துணியையும் அணிகலனையும் நேரில் பார்க்கலாம். அந்தக் கட்டடமே 1905-இல் ரயில்வே தலைமையகமாகக் கட்டப்பட்டதுதான். ஜாலான் பெர்டானாவில் போலீஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. படத்தில் பொத்தானின் எண்ணிக்கை, இடைவெளி, எந்தப் பக்கம் மேலே வருகிறது என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள். ஆண் உடையில் இடப்பக்கம் மேலே வரும்.

அளவு

பொத்தான் வியாபாரத்தில் அளவுக்கு லைன் என்று பெயர். 40 லைன் ஓர் அங்குலம். சட்டைக்கு 18 லைன், அதாவது 11 மி.மீ.க்குச் சற்று மேல். கோட்டுக்கு 28 முதல் 32 வரை. அளவுகோல் தேடி அலைய வேண்டாம்: நம் 5 சென் காசு 17.78 மி.மீ., அது சரியாக 28 லைன். 50 சென் காசு ஏறக்குறைய 36 லைன். தடித்த மேல்கோட்டுக்கு மட்டும் அது.

பொத்தான் செய்து முடித்த பிறகுதான் காஜா எடுக்க வேண்டும். கையால் செய்யும் பொத்தான் நினைத்த அளவில் வராது. தையல்காரர் முதலிலேயே காஜா போட்டுவிட்டால் ஒன்று நுழையாது, இல்லையென்றால் மேடையில் தானாக அவிழும். காஜாவின் நீளம் = பொத்தானின் விட்டம் + அதன் தடிமன். 18 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும் உள்ள பொத்தானுக்கு 21 மி.மீ. காஜா சரியாக இருக்கும்.

சிரட்டைப் பொத்தான்

சிரட்டைக்கு எங்கும் அலைய வேண்டாம். காலைச் சந்தையில் தேங்காய் துருவி, சந்தான் பிழிந்து விற்கும் கடையில் கேட்டால் ஒரு பை நிறையக் கொடுப்பார்கள். தைப்பூசத்தில் உடைத்த தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டுதலுக்கு உடைத்த காய் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வேகமாக அடித்து உடைத்த சிரட்டையில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். துளை போடும்போது அந்த வழியே பிளந்துவிடும்.

தேவையானவை: முற்றிய பெரிய தேங்காயின் சிரட்டை, வளைவாக வெட்டும் மெல்லிய ரம்பம், கைத்துளைக் கருவி அல்லது வேகம் குறைக்கக்கூடிய மின்துளைக் கருவி, 1.5 மற்றும் 2 மி.மீ. துளையூசிகள், மேசையில் பிடித்து இறுக்கும் கிளாம்ப், அரம், 80 முதல் 600 வரையிலான உப்புத்தாள், என்95 முகக்கவசம், கண்ணாடி.

1. சிரட்டையை ஒரு வாரம் நிழலில் காயவிடுங்கள். ஈரச் சிரட்டையில் செய்த பொத்தான் காய்ந்த பிறகு முறுக்கிக்கொள்ளும்.

2. வெளிப்பக்க நாரைக் கத்தி முதுகால் சுரண்டி, 80 எண் உப்புத்தாளால் தேயுங்கள். உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலையும் எடுத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். நம் ஊர் ஈரப்பதத்துக்குச் சொல்லவே வேண்டாம்.

3. கண் இருக்கும் பக்கத்தையும் மூன்று வரப்புகளையும் தவிர்த்துவிட்டு, வயிற்றுப் பகுதியில் தட்டையான இடமாகப் பாருங்கள். காசை வைத்து வட்டம் வரையுங்கள். வட்டங்களுக்கு நடுவே குறைந்தது 5 மி.மீ. இடம் விடுங்கள்.

4. வட்டத்தை வெட்டுமுன் துளை போடுங்கள். இதுதான் எல்லோரும் தலைகீழாகச் செய்வது. வெட்டி எடுத்த சிறு வட்டத்தை விரலால் பிடித்துக்கொண்டு துளைத்தால் அது சுழன்று விரலைக் கிழிக்கும். இல்லையென்றால் இரண்டாகப் பிளக்கும். பெரிய துண்டாக இருக்கும்போதே, அடியில் மரக்கட்டை கொடுத்து, கிளாம்ப் போட்டு, மெதுவான வேகத்தில் துளையுங்கள். நடுப்புள்ளியின் இருபுறமும் சம தூரத்தில், இரண்டு துளைக்கும் இடையே 3 முதல் 4 மி.மீ. விடுங்கள். ஊசிமுனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, துண்டைத் திருப்பி அங்கிருந்து முடியுங்கள், விளிம்பு பெயராது.

5. இப்போது கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே ரம்பத்தால் வெட்டுங்கள். மரக்கதவில் பூட்டுத் துளை போடும் வட்ட ரம்பத்தைப் பயன்படுத்த ஆசை வரும். அதன் நடுவூசி பொத்தானின் மையத்தில் மூன்றாவது துளையைப் போட்டுவிடும்.

6. ஆறேழு பொத்தான்களை இரண்டு மெல்லிய ஆணிகளில் கோத்து, கட்டாக இறுக்கிப் பிடித்து, விளிம்பை அரத்தால் ஒன்றாகத் தேயுங்கள். எல்லாம் ஒரே அளவாக வந்துவிடும்.

7. தனித்தனியாகப் பிரித்து 120, 240, 400, 600 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேயுங்கள். 240-இலிருந்து தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. தூரத்தில் தெரியாதே என்று 240-இல் நிறுத்துபவர்கள் உண்டு. அந்தச் சொரசொரப்பு காஜா நூலை இரண்டே காட்சியில் அறுத்துவிடும். துளையின் உள் விளிம்பையும் உப்புத்தாளைச் சுருட்டி விட்டுத் தேய்க்க வேண்டும்.

8. காய்ந்ததும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, துணியால் அழுத்தித் துடையுங்கள். 600 வரை தேய்த்த சிரட்டை எண்ணெய் பட்டதும் கரும்பழுப்பில் இளமஞ்சள் கோடுகள் எழும்பி, கொம்பு போலவே தெரியும். வார்னிஷ் பூசினால் மறுபடி பிளாஸ்டிக் ஆகிவிடும்.

பாதுகாப்பு: சிரட்டைத் தூசி மூச்சுக்குழாயை அரிக்கும், இளைப்பு உள்ளவர்கள் வேறு வேலை எடுத்துக்கொள்ளட்டும். முகக்கவசம், கண்ணாடி இரண்டும் கட்டாயம். சுழலும் கருவி அருகில் துணிக்கையுறை, துப்பட்டா, அவிழ்த்த கூந்தல், கைக்கயிறு எதுவும் கூடாது. தைப்பூச மாதத்தில் காப்புக் கட்டியிருப்பவர் கயிற்றைக் கழற்ற முடியாது என்றால் துளை போடும் வேலையை இன்னொருவருக்குக் கொடுங்கள்.

சிப்பியிலும் இப்படியே செய்யலாமா என்றால், நான் செய்ய வேண்டாம் என்பேன். சிப்பித் தூசி நுரையீரலுக்கு இன்னும் கெடுதல். முழுக்கத் தண்ணீருக்குள் வைத்துத்தான் வெட்ட வேண்டும். வாங்கிக்கொள்ளுங்கள். அசல் சிப்பிப் பொத்தானைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். பின்பக்கம் ஒரே சீராக இருக்காது. சிப்பியின் வெளித்தோல் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

துணிப் பொத்தான்

உள்சட்டை, குழந்தைச் சட்டை, பனியன் வகைகளுக்கு இது. ஒரு சாயங்காலத்தில் இரண்டு டஜன் முடிக்கலாம்; சின்னப் பிள்ளைகளும் செய்யலாம்.

1. 12 முதல் 15 மி.மீ. பித்தளை வளையம் வாங்குங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். வியர்வை பட்டால் துருக்கறை வெள்ளைத் துணியில் இறங்கும், போகவே போகாது.

2. பழைய மல் வேட்டித் துணியில் வளையத்தைப் போல இரண்டு மடங்கு விட்டமுள்ள வட்டம் வெட்டுங்கள். புதுத்துணி என்றால் கஞ்சி போகத் துவைத்த பிறகு வெட்டுங்கள்.

3. விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே ஓட்டுத்தையல் போட்டு, நடுவில் வளையத்தை வைத்து, நூலைச் சுருக்குப்பை போல இழுங்கள்.

4. சுருக்கங்களைப் பின்பக்கம் தட்டையாக அமுக்கித் தைத்து, பிறகு முன்பக்கம் வளையத்தின் உள்விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் பின்தையல் போடுங்கள். வளையம் துருத்திக்கொண்டு நிற்கும். பழைய துணிப் பொத்தானின் தோற்றமே அதுதான்.

5. நடுவில் குத்தித் துணியோடு தையுங்கள். துளை கிடையாது.

நூல் பருத்தியாக இருக்கட்டும். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துவிட்டால் சிக்காது, உறுதியாகவும் இருக்கும்.

வெள்ளீயப் பொத்தான்

கிள்ளான் பள்ளத்தாக்கு ஈயத்தால் எழுந்த ஊர். 1885-இல் கோலாலம்பூரில் யோங் கூன் தொடங்கிய பட்டறைதான் இன்றைய ராயல் சிலாங்கூர். அவர்களுடைய பியூட்டர் என்ற கலப்பு உலோகத்தில் 97 சதவீதம் வெள்ளீயம். பத்துமலையிலிருந்து தொலைவில்லாத செத்தாப்பாக்கில் அவர்களுடைய பார்வையாளர் மையம் இருக்கிறது. உலோகம் எப்படி ஊற்றுகிறார்கள், எப்படிச் சீர்செய்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்து இந்தப் பகுதியைப் படித்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். மற்ற உலோகங்களோடு பார்க்கும்போது இது மிகக் குறைவு. அதனால்தான் வீட்டில் செய்ய முடிகிறது. பித்தளையை வீட்டில் உருக்க முயலவே வேண்டாம்: 900 டிகிரிக்கு மேல் சூடும், நச்சுத்தன்மையுள்ள துத்தநாகப் புகையும் வரும். பித்தளைப் பொத்தான் வேண்டுமென்றால் கடையில் வாங்குங்கள், அல்லது கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ பழக்கமான பத்தர் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது கவனம். கடையில் ஈயம் என்று கேட்டால் காரீயத்தையும் கொடுப்பார்கள், அது விஷம். டயர் சமன்செய்யும் எடைக்கட்டி, பழைய மீன்பிடி ஈயக்குண்டு, எந்த உலோகம் என்று தெரியாத பழைய சாமான் எதையும் உருக்கக்கூடாது. காரீயம் கலக்காதது என்று அச்சிட்ட பற்றவைப்புக் கட்டி வாங்குங்கள். 99.3 சதவீதம் வெள்ளீயம், 0.7 சதவீதம் செம்பு கொண்ட வகை நன்றாக ஓடும். மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ஜாலான் பாசாரில் தேடலாம். கம்பிச்சுருளாக விற்பது வேண்டாம். அதன் உள்ளே இளக்கி இருக்கும், புகையும். 18 மி.மீ. பொத்தான் ஒன்று 5 கிராமுக்குள் அடங்கும். ஒரு கோட்டுக்கு 100 கிராம் கட்டி தாராளம்.

அச்சுக்குக் கணவாய் ஓடு. பறவை விற்கும் கடையில் கிளிக்கு வைக்க விற்பார்கள். நகத்தால் அழுத்தினால் பதியும் அளவுக்கு மென்மை, சூட்டையும் தாங்கும். தட்டார்கள் காலங்காலமாக இதில் வார்த்திருக்கிறார்கள்.

1. பெரிய ஓடாகப் பார்த்து, கூரான முனைகளை வெட்டிவிட்டு, குறுக்கே இரண்டாக அறுங்கள். மென்மையான முகத்தைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய உப்புத்தாளில் தேயுங்கள். இரண்டு முகங்களையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கீற்றுக்கூடத் தெரியக்கூடாது.

2. இரண்டு துண்டுகளையும் இரண்டு முழு நாள் வெயிலில் வையுங்கள். மழைக்காலம் என்றால் அடுப்புக்கு மேல் அலமாரியில் ஒரு வாரம். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். ஓட்டுக்குள் ஈரம் இருந்தால், ஊற்றும் நொடியில் அது ஆவியாகி, உருகிய உலோகத்தை முகத்தில் தெறிக்க வைக்கும்.

3. மாதிரிப் பொத்தான் ஒன்று வேண்டும். விளிம்பு சற்றுச் சரிவாகத் தேய்த்த சிரட்டை வட்டமே போதும். மேலே பூ வடிவமோ கோடோ வேண்டுமானால் அதில் செதுக்குங்கள். ஒரு துண்டில் மாதிரியை நேராக, அதன் தடிமன் முழுவதும் இறங்க அழுத்தி எடுங்கள். ஆட்டி எடுத்தால் விளிம்பு கலைந்துவிடும்.

4. 1 மி.மீ. செம்புக் கம்பியை வளையமாக முறுக்கி, வாலை இரண்டாகப் பிரித்து விடுங்கள். மற்றத் துண்டில், பொத்தானின் மையத்துக்கு நேராக, வளையத்தை ஓட்டுக்குள் செருகுங்கள். பிரிந்த வால் மட்டும் குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உலோகம் அதைப் பிடித்துக்கொள்ளும்; தைக்கும் காது தயார்.

5. குழியிலிருந்து மேல் விளிம்புவரை புனல் போன்ற வாய் வெட்டுங்கள், வாய்ப்பக்கம் அகலமாக. குழியின் மேல்விளிம்பிலிருந்து இருபுறமும் நூல் அளவுக் கீறல் மேலே போகட்டும். காற்று வெளியேறும் வழி அது. இது இல்லாவிட்டால் பொத்தானில் பிறை போல ஒரு பக்கம் நிரம்பாமல் இருக்கும்.

6. துண்டுகளைச் சேர்த்துக் கம்பியால் கட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய தகரத்தில் நிமிர்த்தி ஊன்றுங்கள்.

7. வீட்டுக்கு வெளியே, கூரைக்கு அடியில், சிறிய கேஸ் அடுப்பில், எவர்சில்வர் கரண்டியில் உலோகத்தை உருக்குங்கள். அந்தக் கரண்டி இனி சமையலறைக்குத் திரும்பக்கூடாது. உலர்ந்த மூங்கில் குச்சியை நுனி மட்டும் தொட்டு எடுங்கள்: பழுப்பானால் பதம், கருகிப் புகைந்தால் சூடு அதிகம், அடுப்பைத் தணியுங்கள்.

8. மேலே படர்ந்த சாம்பல் ஆடையைக் குச்சியால் ஒதுக்கிவிட்டு, நிறுத்தாமல் ஒரே ஊற்றாக ஊற்றுங்கள். தயங்கினால் பொத்தானில் மடிப்பு விழும். ஓடு கருகும் நாற்றம் வரும்; பயப்பட வேண்டாம்.

9. கால் மணி நேரம் தொடாதீர்கள். தண்ணீரில் முக்கி ஆற்றவும் கூடாது. பிரித்து, வாய்ப்பகுதியை அறுத்து, அரத்தால் சீர்செய்யுங்கள். அறுத்த துண்டை மறுபடி உருக்கலாம். ஓட்டின் முகம் கருகியிருக்கும்; ஒரு பதிவுக்கு ஒரு பொத்தான்தான் என்று கணக்கு வைத்து ஓடு வாங்குங்கள்.

பாதுகாப்பு: தோல்கையுறை, முழு முகத்தை மறைக்கும் தடுப்பு, பருத்தியில் முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, மூடிய தோல்செருப்பு. பாலியெஸ்டர் துணி உடம்பில் உருகி ஒட்டும். செலிப்பாரோடு யாரும் பக்கத்தில் வரக்கூடாது. ஒரு வாளி உலர்ந்த மணல் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர்ப் பாட்டில், தேநீர்க் கோப்பை, மழைச்சாரல் எதுவும் அருகில் வேண்டாம். பிள்ளைகள் வீட்டுக்குள். உலோகம் தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். பற்பசை, மஞ்சள், சோயா சாஸ் எதையும் தடவாதீர்கள்.

புதிதாக வார்த்த பொத்தான் அளவுக்கு மீறிப் பளபளக்கும். கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தைப் பூசி உடனே துடைத்தால், பள்ளங்களில் மட்டும் தங்கிப் பழைய வெள்ளி போலத் தெரியும்.

கழற்றி மாட்டும் பொத்தான்

ஸ்டேஷன் மாஸ்டரின் கோட்டுக்கு இப்போது வருவோம். காது வைத்த பொத்தான் எதுவானாலும் சரி: நீங்கள் வார்த்தது, வாங்கிய பித்தளை, காது வைத்த சிப்பி.

1. கோட்டின் வலப்பக்க முன்விளிம்பில் ஐந்து புள்ளிகள் குறியுங்கள். மேல் புள்ளி கழுத்துப்பட்டிக்கு 2 செ.மீ. கீழே, கடைசி இடுப்பு மட்டத்துக்குச் சற்றுக் கீழே. நடுவிலுள்ள தூரத்தை நான்கால் வகுத்தால் மற்ற மூன்றும் கிடைக்கும். நடிகர் கோட்டை அணிந்து நிற்கும்போதே குறியுங்கள். மேசையில் விரித்துக் குறித்தால் தொப்பை இருப்பவருக்குச் சரியாக வராது.

2. ஒவ்வொரு புள்ளியிலும் கத்தரிக்கோலை வைக்காமல் குத்தூசியால் துளையிட்டு விரியுங்கள். இழை அறுபடாமல் ஒதுங்கும். துளை வலுவாக இருக்கும். 4 முதல் 5 மி.மீ. போதும்.

3. துளையைச் சுற்றி மெழுகிட்ட பருத்தி நூலால் காஜாத் தையலை நெருக்கமாகப் போடுங்கள். இழுத்து இறுக்கிய பிறகும் பொத்தானின் காது சிரமமில்லாமல் நுழைய வேண்டும்.

4. முன்பக்கத்திலிருந்து காதை நுழைத்து, உள்பக்கம் 8 மி.மீ. சாவி வளையத்தை மாட்டுங்கள். அதைவிடப் பெரிய வளையம் உடம்பில் உறுத்தும்.

5. இடப்பக்கத்தில் காஜா. கைத்தையலாக இருந்தால் உத்தமம். இயந்திரக் காஜா என்றால் பருத்தி நூலாவது கேளுங்கள். பாலியெஸ்டர் நூல் மேடை விளக்கில் மினுங்கும்.

6. கழுத்துப்பட்டியில் பொத்தான் வேண்டாம், இரண்டு கொக்கி போதும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. மார்ச் மாத வெக்கையில் ஒரு காட்சி முடிந்தாலே வெள்ளைக் கோட்டு வியர்வையில் ஊறிவிடும். பொத்தானைக் கழற்றிவிட்டு இயந்திரத்தில் போட்டுத் துவைக்கலாம். ஒரே செட் பொத்தானை இரண்டு கோட்டுக்கு மாற்றி மாற்றி மாட்டலாம். ஐந்து வார்த்தால் போதும் என்று நினைக்காமல் ஏழு வார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதைப் பழசாக்குவது

எல்லாவற்றையும் செய்ய நேரம் இருக்காது. பின்வரிசைக் கூட்டத்துக்கு வாங்கிய பழுப்புப் பொத்தானே போதும். 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து அதன் பளபளப்பை எடுத்துவிடுங்கள். இரண்டு துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வரப்பு வைத்தது வேண்டாம்.

புதுப் பித்தளையை மங்க வைக்க, மேலே அரக்குப் பூச்சு இருந்தால் முதலில் உப்புத்தாளால் எடுத்துவிட்டு, வினிகரில் உப்புக் கரைத்து நனைத்த துணியில் ஓர் இரவு சுற்றி வையுங்கள். குளோரின் கலந்த வெளுப்பானை வினிகரோடு சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும்.

பழைய சாமான் கடையில் கிடைத்த பொத்தான் எந்தப் பொருள் என்று பார்க்கச் சிலர் சூடான ஊசியால் குத்திப் பார்ப்பார்கள். அது செல்லுலாய்டாக இருந்தால் பொசுக்கென்று தீப்பிடிக்கும். அப்படிச் சோதிக்காதீர்கள். சந்தேகமான பழைய பொத்தானை விளக்கு, சிகரெட், கற்பூரம் எதற்கும் அருகில் கொண்டுபோகாதீர்கள். பத்துமலைக் கதையில் கற்பூரம் இல்லாத காட்சி அபூர்வம்.

மேடைக்கு முன்

உடை மாற்ற அரை நிமிடம்தான் கிடைக்கும் காட்சி ஏதாவது இருக்கும். அந்த உடையில் மட்டும் காஜாவை மூடித் தைத்து, மேலே பொத்தானைப் பார்வைக்குத் தைத்து, அடியில் பிரஸ் பட்டன் வையுங்கள். ஒட்டுப்பட்டை வேண்டாம், அதைப் பிரிக்கும் பர்ரென்ற சத்தம் ஒலிபெருக்கியில் கேட்கும்.

முழு ஒத்திகையில் நடிகரைக் குனிய, கை தூக்க, காவடி எடுப்பவரானால் ஆடச் சொல்லுங்கள். திறந்துகொள்ளும் காஜாவுக்கு ஓரத்தில் இரண்டு தையல் போட்டுச் சிறிதாக்குங்கள். உடைப் பெட்டியில் ஒவ்வொரு வகையிலும் இரண்டு உபரிப் பொத்தான், நான்கு சாவி வளையம், மெழுகிட்ட நூல் கோத்த ஊசி. பாத்திரத்தின் பெயர் எழுதிய சிறு பைகளில் போட்டு, பெட்டி மூடியின் உள்பக்கத்தில் குத்திவையுங்கள்.